மோட்டார் திரை எத்தனை வினாடியில் இறங்க வேண்டும்? கடலோர ஹால்களுக்கு ஒரு வழிகாட்டி

பாம்பன் புதுப் பாலத்தின் நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிட 17 மீட்டர் உயரம் எழும்புகிறது. அதற்கு ஏறக்குறைய 5 நிமிடம் ஆகிறது. வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு ஐந்தரை சென்டிமீட்டர் போல வரும். நீங்கள் புதிதாக வாங்கி மாட்டப்போகும் மோட்டார் வைத்த புரொஜெக்டர் திரையும் கிட்டத்தட்ட இதே வேகத்தில்தான் ஏறி இறங்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் சாயல்குடி வரை பள்ளிக்கூடங்கள், திருமண மண்டபங்கள், தேவாலய ஹால்கள், ஜமாஅத் ஹால்கள் என்று பல இடங்களில் திரை மாட்டியிருக்கிறேன். மாட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டதும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். கீழக்கரையில் ஒரு பெரியவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, இவ்வளவு மெதுவா இறங்குதே, வேகத்தைக் கூட்ட உள்ளே ஏதும் ஸ்க்ரூ இருக்கா?”

அப்படி ஒரு ஸ்க்ரூ இல்லை. சாதாரணத் திரையின் வேகம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தை முதல் நாளே அளந்து எழுதி வைத்துக்கொண்டால், நம் உப்புக்காற்றில் அந்தத் திரை எப்படி இருக்கிறது என்பதைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம். வாங்குவது, மாட்டுவது, பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் அந்த வினாடிக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

வாங்கும் முன்: வேகத்தைக் கணக்குப் போடுங்கள்

திரைத்துணி ஒரு உலோகக் குழாயில் சுற்றியிருக்கும். அதுதான் ரோலர். மோட்டார் அந்தக் குழாய்க்குள்ளேயே ஒரு முனையில் நீளவாக்கில் படுத்திருக்கும். உள்ளே உண்மையில் சுழலும் பாகம் நிமிடத்துக்கு 1400 சுற்றை ஒட்டி ஓடுகிறது. அதைக் கியர் சக்கரங்கள் குறைத்துக் குறைத்து, ரோலருக்கு வரும்போது நிமிடத்துக்கு 12 முதல் 17 சுற்று வரை ஆக்கிவிடுகின்றன. இந்த எண் மோட்டாரின் லேபிளிலேயே இருக்கும். 10 நியூட்டன் மீட்டர், 17 ஆர்.பி.எம். என்பது போல இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் எண் இழுக்கும் பலம், இரண்டாவது எண் வேகம். பெரும்பாலும் பலம் கூடினால் வேகம் குறையும்.

கடைக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று அந்த ஆர்.பி.எம்., இன்னொன்று ரோலரின் விட்டம். கணக்கு எளிது. விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு துணி வெளியே வரும் என்று தெரியும். அதை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 60ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று வந்துவிடும்.

6 அடி உயரம், 8 அடி அகலம் உள்ள திரையை எடுத்துக்கொள்வோம். ரோலர் 5 சென்டிமீட்டர், மோட்டார் 17 ஆர்.பி.எம். ஒரு சுற்றுக்கு 15.7 சென்டிமீட்டர் துணி. வினாடிக்கு சுமார் 4.4 சென்டிமீட்டர். 6 அடி என்பது 183 சென்டிமீட்டர். ஆக 41 வினாடி.

கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து அளந்தால் 38 வினாடி போல வரும். கணக்கில் தப்பில்லை. துணி சுற்றச் சுற்ற ரோலர் தடிக்கிறது அல்லவா? துணியின் கனம் 0.4 மில்லிமீட்டர் என்று வைத்தால், முழுக்கச் சுற்றிய நிலையில் 5 சென்டிமீட்டர் ரோலர் 5.9 சென்டிமீட்டரை ஒட்டி வந்துவிடும். அதனால் இறங்கத் தொடங்கும்போது வினாடிக்கு 5.2 சென்டிமீட்டர், இறங்கி முடியும்போது 4.4. ஏறும்போது இதற்கு நேர்மாறாக மெதுவாகத் தொடங்கி மேலே போகப் போகக் கொஞ்சம் விரைவாகும். புதிதாக வாங்கியவர்கள் “போகப் போக மோட்டார் சோர்ந்து போகிறது” என்று கவலைப்பட்டுக் கூப்பிடுவது இதைப் பார்த்துத்தான். எல்லா ரோலரும் இப்படித்தான் ஓடும்.

இதே மோட்டாரில் 5 அடி இறங்கும் திரைக்கு 32 வினாடி. மண்டபங்களுக்குப் போடும் 9 அடி உயரத் திரையில் ரோலர் 7 சென்டிமீட்டர், மோட்டார் 15 ஆர்.பி.எம். என்றால் 47 வினாடி. உயரம் ஒன்றரை மடங்கு ஆனாலும் நேரம் அந்த அளவு கூடாமல் இருப்பதற்குத் தடித்த ரோலர்தான் காரணம். சில திரைகளில் படம் விழும் வெள்ளைப் பகுதிக்கு மேலே ஓர் அடி கறுப்புத் துணி கூடுதலாக இருக்கும். கூரை உயரமான ஹாலுக்கு அது தேவை, ஆனால் அதற்கு 6 வினாடி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய மோட்டார் போட்டால் வேகமாகப் போகும் என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 6 அடித் திரையில் துணியும், அதன் அடியில் கனத்துக்காக இருக்கும் கீழ்ப்பட்டையும் சேர்ந்து 5 கிலோ என்று வைத்தால்கூட, அதைத் தூக்க ஒன்றரை நியூட்டன் மீட்டர் போதும். 20 நியூட்டன் மீட்டர் மோட்டார் அங்கே எதையும் கூடுதலாகச் செய்யாது, இன்னும் மெதுவாகத்தான் ஓடும்.

உண்மையிலேயே வேகம் வேண்டும் என்றால் டி.சி. (நேர் மின்னோட்ட) மோட்டார் வைத்த திரைகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 28 சுற்றுக்கு மேல் ஓடுபவை உண்டு, சத்தமும் குறைவு. விலை கூடும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கடற்கரை ஹாலுக்கு மெதுவான திரையே நல்லது. வேகமாக இறங்கும் துணி சட்டென்று நிற்கும்போது கீழ்ப்பட்டை ஊஞ்சல் போல ஆடும். ஜன்னல் வழியே காற்றும் சேர்ந்தால் துணி அலை அலையாக நிற்கும். அந்த அலை அடங்கி, படம் நேராகத் தெரிவதற்குள் மிச்சம் பிடித்த வினாடிகள் போய்விடும்.

சவுதியிலிருந்து கொண்டு வரும் திரை

நம் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் எங்கும் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் அதிகம். ஊருக்கு வரும்போது திரையும் பெட்டியோடு வந்துவிடுகிறது. ஏ.சி. (மாறுதிசை மின்னோட்ட) மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை, அதாவது வினாடிக்கு எத்தனை அலை வருகிறது என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ். துபாய், கத்தார், குவைத், ஓமன் எல்லாம் 50தான், அதனால் அங்கிருந்து வந்த திரை இங்கே அதே வேகத்தில் ஓடும். சவுதியில் மட்டும் 60 ஹெர்ட்ஸ். அங்கே 30 வினாடியில் இறங்கிய திரை இங்கே 36 வினாடி எடுக்கும். நேரம் கூடுவதோடு முடிவதில்லை. 60க்கென்று மட்டுமே செய்த மோட்டார் 50இல் ஓடினால் கூடுதலாகச் சூடாகும். லேபிளில் 50/60 என்று இரண்டும் இருந்தால் பயமின்றி மாட்டலாம். 60 மட்டும் இருந்தால் அதை இங்கே நெடுநாள் ஓட்ட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜெனரேட்டரிலும் இதே கதைதான். முகூர்த்த நாளில் கரண்ட் போய் மண்டபத்து டீசல் ஜெனரேட்டர் ஓடும்போது, இன்ஜின் கொஞ்சம் மெதுவாகச் சுற்றி 48 ஹெர்ட்ஸ் கொடுத்தால் திரையும் நூற்றுக்கு நான்கு பங்கு மெதுவாகும். 38 வினாடி 39 அல்லது 40 ஆகும். இதற்காகத் திரையைக் கழற்ற வேண்டாம்.

மாட்டும்போது

முதலில் இடம். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே மாட்டாதீர்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்க ஊர்களிலும், வாடை வீசும் மாதங்களில் வடகடலான பாக் நீரிணைப் பக்க ஊர்களிலும் ஜன்னலை மூடாமல் திரையை ஏற்றக் கூடாது. காற்று துணியை ஒரு பக்கமாகத் தள்ளும், துணி ரோலரில் கோணலாகச் சுற்றும், ஓரம் ரோலரை மூடியிருக்கும் பெட்டியில் உரசி நைந்துபோகும்.

அடுத்தது மட்டம். பெட்டியை மாட்டியதும் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கண்ணளவில் சரியாகத் தெரிவது போதாது. ஒரு முனை கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் பத்து சுற்றில் துணி ஒரு பக்கம் விலகிவிடும். போல்ட், வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான் கூடுதலாகும். பாம்பனில் ஒரு ஹாலில் சாதாரண இரும்பு போல்ட் போட்டிருந்தார்கள். துரு வழிந்து சுவரிலும் பெட்டியிலும் கோடு கோடாக இறங்கியிருந்தது. கழற்றப் போனபோது தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. பெட்டியும் இரும்புத் தகடாக இல்லாமல் அலுமினியமாக இருந்தால் நல்லது.

மின் இணைப்பை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். மோட்டாரிலிருந்து நான்கு வயர் வரும். வழக்கமாக நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த், கறுப்பும் பழுப்பும் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும். லேபிளைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் போனால் மோட்டார் கெட்டுப்போகும். அதனால் சாதாரண இரண்டு சுவிட்ச் போடாமல், ஒன்றை அமுக்கினால் மற்றது அமுங்காத சுவிட்சைக் கேட்டு வாங்குங்கள். ஒரு திரைக்கு மேடையில் ஒன்று, வாசலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் சுவிட்ச் வேண்டுமென்றால் நேராக இணைக்கக் கூடாது. அதற்கு ரிமோட் வைத்த கட்டுப்பாட்டுப் பெட்டிதான் வழி.

வேகத்தை மாற்றலாம் என்று ஃபேன் ரெகுலேட்டரை இணைத்த ஓர் இடத்தையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரெகுலேட்டர் வோல்டேஜைக் குறைக்கும். வோல்டேஜ் குறைந்தால் இந்த வகை மோட்டாரின் பலம் அதைவிட வேகமாகச் சரியும். 230 வோல்ட் 180 ஆனால் பலம் நூற்றுக்கு 61தான் மிஞ்சும். திரை பாதி வழியில் நின்று முனகும், உள்ளே சுருள் சூடாகும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினாலும் முனகலும் சூடும் வரும். சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் பயமில்லை.

நிற்கும் இடத்தைச் சரிசெய்வது

மோட்டார் தலையில் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பக்கத்தில் அம்புக்குறியும் கூட்டல், கழித்தல் குறியும் இருக்கும். கீழக்கரைப் பெரியவர் கேட்டது இந்த ஸ்க்ரூவாக இருக்கலாம். ஆனால் இது வேகத்துக்கு இல்லை, எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு. ஒன்று மேல் எல்லை, ஒன்று கீழ் எல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒரு திருப்பு, ஓர் ஓட்டம், பார்த்துவிட்டு அடுத்த திருப்பு. கீழே இறங்கி நிற்கும்போது ரோலரில் ஒன்றரை அல்லது இரண்டு சுற்று துணி மிச்சம் இருக்க வேண்டும். முழுவதும் அவிழவிட்டால் துணி மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கும். அப்புறம் இறக்கும் பட்டனை அமுக்கினால் திரை ஏறும், ஏற்றும் பட்டனை அமுக்கினால் இறங்கும். மேலே போகும்போது கீழ்ப்பட்டை பெட்டியின் வாயில் மோதாமல் ஒரு விரற்கடை முன்னால் நிற்கட்டும். மோதி நிற்கும் திரையில் மோட்டார் அணையாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இந்த வேலையின்போது ஒரு விஷயம் நடக்கும், பயப்படாதீர்கள். நாலைந்து தடவை ஏற்றி இறக்கியதும் திரை திடீரென்று நின்றுவிடும். சுவிட்சுக்கு அசையாது. இந்த மோட்டார்கள் தொடர்ந்து ஓடப் பிறந்தவை அல்ல. வழக்கமாக 4 நிமிடம்தான் கணக்கு. 38 வினாடி ஏற்றம், 38 வினாடி இறக்கம் என்றால் மூன்று முறை போய் வருவதற்குள் 4 நிமிடம் நெருங்கிவிடும். சூடு கூடினால் உள்ளே இருக்கும் காப்பு கரண்டைத் துண்டிக்கிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் தானே ஓடும். சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத ஹாலில் இன்னும் சீக்கிரம் நிற்கும். பள்ளிக்கூடத்தில் மாட்டினால் ரிமோட்டைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

முதல் நாள் அளவு

எல்லாம் முடிந்ததா? சரி, இப்போது ஃபோனில் ஸ்டாப்வாட்சை எடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மோட்டார் ஆறியிருக்க வேண்டும். பட்டனை அமுக்கும் அதே நொடியில் தொடங்கி, கீழ்ப்பட்டை நிற்கும்வரை அளங்கள். இறக்கம் ஒரு தடவை, ஏற்றம் ஒரு தடவை. பகலில் அளந்ததை இரவு 7 மணிக்கு மேல் மறுபடி அளங்கள். எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் சில தெருக்களில் வோல்டேஜ் இறங்கும். அந்த வித்தியாசம் உங்கள் இடத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இன்டக்‌ஷன் மோட்டார் (வேகம் வோல்டேஜைவிட ஹெர்ட்ஸையே பொறுத்த வகை) என்பதால் நல்ல நிலையில் இருக்கும் திரையில் பகலுக்கும் இரவுக்கும் ஒரு வினாடிக்கு மேல் வேறுபாடு வருவது அரிது. ஏற்றத்துக்கு இறக்கத்தைவிட ஓரிரு வினாடி கூடுதலாக ஆகலாம், எடையைத் தூக்குகிறது அல்லவா.

நான்கு எண்களையும் தேதியோடு அழியாத மார்க்கர் பேனாவால் பெட்டியின் பக்கவாட்டிலேயே எழுதிவிடுங்கள். நோட்டில் எழுதினால் நோட்டு தொலைந்துபோகும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளந்து அதன் கீழே சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

நேரம் மாறினால்

ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவில் கூடியிருந்தால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். ஜெனரேட்டரா, வோல்டேஜா என்று பாருங்கள். திரையில் கை வைக்க வேண்டாம்.

இறக்கம் அதே 38இல் இருந்து, ஏற்றம் மட்டும் 39லிருந்து 43, 45 என்று நீண்டால் ஏதோ உரசுகிறது. நம் கரையில் நான் அதிகம் பார்த்தது இதுதான். மோட்டார் இல்லாத மறுமுனையில் ரோலர் ஓர் ஊசியில் தாங்கி நிற்கும். உப்பும் ஈரமும் முதலில் பிடிப்பது அந்த ஊசியைத்தான். மோட்டார் முனையை எல்லாரும் பார்ப்பார்கள், அந்த முனையை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எம்.சி.பி.யை (மின் பெட்டியில் அந்த லைனுக்கான சுவிட்சை) அணைத்துவிட்டு மூடியைத் திறந்து, துருவைத் துடைத்து, சிலிகான் ஸ்பிரேயைத் துணியில் அடித்து ஊசியில் மட்டும் தடவுங்கள். நேராக அடித்தால் திரைத்துணியில் தெறித்துக் கறை விழும், அந்தக் கறை போகாது. மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஏற்றம் 39லிருந்து 47க்குப் போயிருந்தது. மோட்டாரை மாற்றச் சொல்லி யாரோ விலையும் பேசிவிட்டார்கள். ஊசியைத் துடைத்ததும் 40க்குத் திரும்பியது. முதல் நாள் எண் பெட்டியில் எழுதியிருந்ததால்தான் அந்த ஆசிரியருக்கே சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

முனகல் சத்தம் மட்டும் வந்து திரை அசையாமல் நின்றால், அல்லது கையால் லேசாகத் தூக்கிவிட்டால் மட்டும் ஏறினால், பெரும்பாலும் கண்டென்சர் தளர்ந்திருக்கிறது. ஃபேனில் நடப்பதும் இதுதான். இந்த மோட்டார்களில் அது குழாய்க்குள் இருப்பதால் நீங்களே கழற்ற வேண்டாம். நேரம் குறைந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எல்லை நகர்ந்து, திரை முழுதாக இறங்காமல் நிற்கிறது என்று பொருள். இஞ்ச் டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

மாதம் ஒரு தடவை பெட்டியையும் கீழ்ப்பட்டையையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன், நம் ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. பயன்படுத்தாத நாட்களில் திரை சுற்றியே இருக்கட்டும், ஆனால் மாதக்கணக்கில் அப்படியே விட்டால் துணியில் சுருக்கம் படிந்துவிடும். வாரம் ஒரு தடவை ஒரு மணி நேரம் இறக்கி வையுங்கள்.

நிகழ்ச்சி நாளில் அந்த 40 வினாடி

விளக்கு வைத்த புரொஜெக்டர் முழு வெளிச்சத்துக்கு வரவே அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஆகும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால், திரை இறங்கி நிற்கும்போது படமும் தெளிவாக வந்திருக்கும். சில புரொஜெக்டர்களின் பின்னால் 12 வோல்ட் டிரிக்கர் என்று ஒரு துளை இருக்கும். திரையின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் அது இருந்தால் ஒரு சின்ன வயரில் இணைத்துவிடலாம். புரொஜெக்டர் எரிந்ததும் திரை தானாக இறங்கும், அணைத்ததும் தானாக ஏறும். யாரும் ரிமோட் தேட வேண்டியதில்லை.

அது இல்லாவிட்டால், பேச்சாளர் மேடை ஏறும்போதே பட்டனை அமுக்க ஒருவரை நிறுத்துங்கள். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் திரை தயாராகிவிடும். கல்யாணத்தில் மணமக்கள் படம் போடுவதாக இருந்தால், பூமாலைத் தோரணம் திரை இறங்கும் வழியில் தொங்குகிறதா என்று அலங்காரம் செய்கிறவரிடம் முதல் நாள் மாலையே காட்டிவிடுங்கள். நார் ஒன்று ரோலரில் மாட்டினால் அன்று முழுக்கத் திரை ஏறாது.

திருவிழா, சந்தனக்கூடு, பள்ளி ஆண்டுவிழா என்று திறந்தவெளியில் நடத்தும்போது மட்டும் இந்த ரோலர் திரையை வெளியே கொண்டுபோக வேண்டாம். கடற்கரைக் காற்றுக்கு அது பாய்மரமாகிவிடும். சட்டத்தில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டும் துணித்திரையை வாடகைக்கு எடுங்கள்.

பழுது என்று ஆளைக் கூப்பிடும்போது, “ஓடவில்லை” என்று மட்டும் சொல்லாமல், பெட்டியில் எழுதியிருக்கும் முதல் நாள் வினாடியையும் இன்றைய வினாடியையும் சொல்லுங்கள். ராமநாதபுரத்திலிருந்து கிளம்பும் முன்பே எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.